ஆய்வகத்தில் உறுப்பு வளர்த்தல்: நாற்றங்காலும் பட்டறையும்

ஓய்ந்துபோன உறுப்புக்குப் பதிலாக இன்னொருவருடைய உறுப்பை வைத்து உயிரைக் காக்க முடியும் என்பது, 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மரேயும் அவருடைய குழுவினரும் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவரோடு பிறந்த இரட்டையருக்குப் பொருத்தியபோது மெய்யாயிற்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் பெற்றவரின் உடல் அந்தச் சிறுநீரகத்தை அயலானது என்று கருதித் தள்ளவில்லை. அந்த வாய்ப்பு இல்லாத மற்றவர்களுக்கோ, உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980களில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நம்பகமான வழி திறந்தது. அன்று முதல் இன்று வரை உறுப்பு மாற்று மருத்துவத்தை இரண்டு குறைகள் விடாமல் தொடர்கின்றன: தேவைப்படுவோர் எண்ணிக்கைக்கு ஈடாக உறுப்புகள் கிடைப்பதில்லை, கிடைத்தவரும் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மாத்திரைகளை விழுங்கி, தொற்றுக்கும் புற்றுக்கும் இடம் கொடுத்தே வாழ வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் காத்திருப்போர் பட்டியல் 1,00,000 பேரைத் தாண்டி நிற்கிறது.

நோயாளியின் சொந்தச் செல்களிலிருந்தே ஆய்வகத்தில் உறுப்பை வளர்த்துவிட்டால் இவ்விரு குறைகளும் ஒருசேர நீங்கும் என்ற எண்ணம், கேட்ட மாத்திரத்தில் மனத்தை இழுப்பது. 1993இல் ராபர்ட் லேங்கர், ஜோசப் வக்கான்டி ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை இத்துறைக்குத் திசுப் பொறியியல் என்ற பெயரை நிலைநாட்டியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், முதுகில் மனிதக் காது வடிவிலான குருத்தெலும்பைச் சுமந்த சுண்டெலியின் படம் உலகெங்கும் பரவி, உதிரி பாகங்களைப் போல உறுப்புகள் செய்து அடுக்கப்படும் காலம் வந்துவிட்டது என்ற நம்பிக்கையை மக்களிடம் விதைத்தது. அந்தக் காதில் இருந்தவை பசுவின் குருத்தெலும்புச் செல்கள் என்பதும், எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த எலி வகை என்பதால்தான் அது அவற்றை ஏற்றுக்கொண்டது என்பதும் படத்தில் தெரியாத செய்திகள். அரை நூற்றாண்டாகத் திரண்டிருக்கும் சான்றுகளை இன்று எடைபோட்டால் ஒன்று தெளிவாகிறது. நாற்றைக் கொடுத்துவிட்டு விளைச்சலை உடலிடமே விட்ட நாற்றங்காலாக ஆய்வகம் இருந்த இடங்களில் இத்துறை வென்றிருக்கிறது. முடிந்த உறுப்பைச் செய்து கையில் கொடுக்கும் பட்டறையாக இருக்க முயன்ற இடங்களில் பெரும்பாலும் தோற்றிருக்கிறது, சிலவேளை உயிர்களைப் பலிகொடுத்தே தோற்றிருக்கிறது.

வெற்றியின் முதல் சான்று தோல். 1975இல் ஜேம்ஸ் ரெயின்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோலின் மேலடுக்குச் செல்களைக் கண்ணாடித் தட்டில் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டனர். தனியே விட்டால் இந்தச் செல்கள் சில நாளில் பெருகாமல் நின்றுவிடும். கதிர்வீச்சால் பெருகும் திறன் நீக்கப்பட்ட எலிச் செல்களை அடியில் பரப்பி, அவற்றின் மேல் இவற்றை விதைத்தால், அந்த எலிச் செல்கள் செவிலித்தாயைப் போல ஊட்டம் கொடுக்க, மூன்று நான்கு வாரத்தில் சிறு துண்டுத் தோல் பல்லாயிரம் மடங்கு பரப்பாக விரிந்துவிடும். 1983இல் உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் தீயில் வெந்துபோன இரண்டு சிறுவர்கள் பாஸ்டனில் இம்முறையால் பிழைத்தார்கள். அதுவரை அத்தகைய தீக்காயத்துக்கு ஆளானவர் பிழைப்பது மிக அரிது என்பதை நினைத்தால், இந்தச் சாதனையின் அளவு விளங்கும்.

ஆனாலும் தட்டிலிருந்து உரித்தெடுக்கப்படும் அந்தத் தாள், சில செல் அடுக்குகளே கொண்ட, ஈரத் துணியைப் போலச் சுருண்டுவிடும் மெல்லிய படலம். அதில் வியர்வைச் சுரப்பியோ மயிர்க்காலோ கிடையாது, அடித்தோலின் வலுவும் கிடையாது. உடலின் பெரும்பகுதியில் வியர்க்க முடியாத ஒருவருக்குச் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பது நம் பக்கத்து வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிழைத்தவருக்குக் கிடைப்பது உயிரும் மூடிய காயமும். முழுமையான தோல் அன்று. எலிச் செல்களின் மேல் வளர்ந்தது என்பதாலேயே இந்தத் தோலை அயல் உயிரினத் தொடர்புள்ள மாற்றுப் பொருளாக அமெரிக்க மருந்து நிர்வாகம் வகைப்படுத்தியது. சொந்தத் தோல்தான் என்றாலும், அது வளர்ந்த மண் சொந்தமானதில்லை என்பதை அந்த வகைப்பாடு நினைவூட்டுகிறது.

இந்தத் தோல் ஏன் உடலில் நிலைக்கிறது என்பதற்கான விடை 2017இல் வெளியான ஓர் ஆய்வில் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. தொட்டாலே தோல் கொப்பளித்து உரியும் பிறவி நோயால் சாவின் விளிம்பில் இருந்த ஏழு வயதுச் சிரியச் சிறுவன் ஒருவனுக்கு, ஜெர்மனியின் போகும் நகர மருத்துவர்களும் இத்தாலியின் மொடேனாவில் இயங்கும் மிக்கேல் தெ லூக்காவின் குழுவும் சேர்ந்து, அவனுடைய செல்களில் பழுதான மரபணுவைச் சரிசெய்து வளர்த்த தோலை உடலின் 80 விழுக்காட்டுப் பரப்பில் ஒட்டினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, ஒட்டிய எண்ணற்ற செல்களில் மிகப் பெரும்பாலானவை உதிர்ந்துபோக, அவற்றுள் சிறுபான்மையாக இருந்த நெடுநாள் ஸ்டெம் செல்கள் – தாமும் அழியாமல் பிற செல்களையும் ஈன்றுகொண்டே இருக்கும் மூலச் செல்கள் – மட்டும் நிலைத்து நின்று, அவன் தோலை மாதாமாதம் புதிதாக ஆக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆய்வகம் கொடுத்தது, சரியாகச் சொன்னால், நாற்றுதான்.

தோலில் கிடைத்த இந்த வெற்றி மற்ற உறுப்புகளுக்கு ஏன் நீளவில்லை? விடை கனத்தில் இருக்கிறது. உடலில் உள்ள செல்களில் பெரும்பாலானவை தந்துகி எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குள்தான் வாழ முடியும். அதற்கப்பால் உயிர்வளி ஊடுருவிச் சென்று சேராது. ஓர் அரிசியின் பருமனில் பத்தில் ஒரு பங்கே அந்தத் தொலைவு. தோலின் மேலடுக்கும் கண்ணின் மேற்படலமும் இந்த எல்லைக்குள் அடங்குவதால் சுற்றிலுமிருந்து கசியும் ஊட்டத்திலேயே பிழைக்கின்றன. கல்லீரலோ இதயமோ அப்படியல்ல, அவற்றுக்குள் பெருங்குழாயிலிருந்து கிளைத்துக் கிளைத்து ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் போய் நிற்கும் குழாய் வலை முதல் நாளிலிருந்தே வேண்டும். செல்களைப் பெருக்குவது இன்று பெரிய சிக்கல் இல்லை. அந்த வலையைப் பின்னுவதே இத்துறை இன்னும் தாண்டாத மலை.

அதைத் தாண்ட எடுக்கப்பட்ட முயற்சிகளுள் மிக அழகானது, இயற்கை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் வலையைக் கடன் வாங்கும் முயற்சி. 2008இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஓட், டோரிஸ் டெய்லர் ஆகியோரின் குழு, எலியின் இதயத்துக்குள் அதன் சொந்தக் குழாய்கள் வழியாகவே அழுக்கு நீக்கும் சோப்புக் கரைசல் போன்ற ஒன்றைச் செலுத்தி, செல்கள் எல்லாவற்றையும் கரைத்து வெளியேற்றியது. எஞ்சியது இதய வடிவம் மாறாத, வெளுத்து ஒளி ஊடுருவும் புரதக் கூடு. கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சாரத்தைப் போன்றது என்பதால் இதைச் சாரம் என்றே அழைக்கலாம். புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்களை அதில் விதைத்து ஊட்டக் கரைசலை ஓடவிட்டபோது, நான்காம் நாளில் கூடு துடித்தது. எட்டாம் நாளில் அளந்த அதன் இறைக்கும் திறன், வளர்ந்த எலி இதயத்தின் திறனில் ஏறத்தாழ 2 விழுக்காடு. துடித்தது என்ற செய்தி உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. 2 விழுக்காடு என்பது அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை. அந்தத் துடிப்பைக் குறைத்து மதிப்பிடுவது அறியாமை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 1,00,000 முறை துடிக்க வேண்டிய மனித இதயத்துக்கு நாள் குறித்தது அவசரம்.

இரண்டாவது வழி, செல்களைத் தாமாகவே உறுப்பாகக் கூடவிடுவது. 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாத்தோ ஒரே ஒரு குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குடல் சுவரின் மடிப்புகள் கொண்ட நுண்ணிய உருவத்தை வளர்த்துக் காட்டினார். ஆர்கனாய்டு எனப்படும் இந்த உறுப்புத் துணுக்குகள் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும்கூட இன்று உண்டு. மருந்தைச் சோதிக்கவும் நோயின் போக்கை ஆராயவும் இவை விலைமதிப்பற்றவை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் கொண்டவரின் குடல் துணுக்கை வளர்த்து, எந்த மருந்து அவருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் முறை நெதர்லாந்தில் உருவானது. மாற்று உறுப்பு என்ற அளவில் பார்த்தால்தான் இடைவெளி தெரிகிறது. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் நெஃப்ரான் எனப்படும் வடிகட்டும் நுண்குழல்கள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன. 2015இல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில் குழுவினர் வளர்த்த சிறுநீரகத் துணுக்கில் கருவிலுள்ள குழந்தையின் நெஃப்ரான்களைப் போன்ற முதிராத சில நூறு மட்டுமே இருந்தன. அதைவிடப் பெரிய குறை, அவை பிரித்தெடுக்கும் நீர் வெளியேற வழியில்லாதது: வாய்க்கால் உண்டு, வடிகால் இல்லை. இத்துணுக்குகளில் பல எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படும் ஒரு கூழில் வளர்பவை என்பதால், அந்தக் கூழை மாற்றாமல் அவற்றை நோயாளியின் உடலுக்குள் வைக்கவும் இயலாது.

மெல்லிய தோலுக்கும் கனமான உறுப்புகளுக்கும் நடுவில் நிற்பவை சிறுநீர்ப்பை, மூச்சுக்குழல் போன்ற உள்ளீடற்ற உறுப்புகள். இத்துறையின் பெருமிதமும் இழிவும் இங்கேதான் அடுத்தடுத்து நிகழ்ந்தன. முதுகுத்தண்டுப் பிறவிக் குறையால் சிறுநீர்ப்பை சுருங்கி இறுகிப்போன ஏழு பேருக்கு, அவர்களுடைய செல்களையே சாரத்தில் வளர்த்துச் சிறுநீர்ப்பையோடு தைத்து அதை விரிவாக்கிய அனுபவத்தை அந்தோணி அட்டாலா 2006இல் வெளியிட்டார். உலகச் செய்தித்தாள்கள் அதை ஆய்வகத்தில் வளர்ந்த முதல் உறுப்பு என்று எழுதின. உண்மையில் அது முழுச் சிறுநீர்ப்பை அன்று. இருந்த பைக்குப் போட்ட ஒட்டு. அதில் நன்றாகப் பலித்த ஒட்டுகள், வயிற்றுக்குள் இரத்தக் குழாய்கள் செறிந்து தொங்கும் கொழுப்புத் திரையால் சுற்றி வைக்கப்பட்டவை என்பது கவனத்துக்கு உரியது: குழாய் வலையை உடலே கொடுத்தது. ஆயினும் இதே வழியில் ஒரு நிறுவனத்தின் துணையோடு குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான அடுத்த கட்டச் சோதனையில் பையின் நெகிழ்ச்சி எதிர்பார்த்தபடி கூடவில்லை. பை கிழிதல், குடல் அடைப்பு போன்ற கடும் பாதிப்புகளும் நேர்ந்தன. முதல் வெற்றி தெரிந்த அளவுக்கு இந்தத் தோல்வி பொதுமக்களுக்குத் தெரியாதது இத்துறையின் தொடர்ந்த நோய்.

மூச்சுக்குழல் விவகாரம் இதைவிடப் பலமடங்கு கொடியது. 2008இல் பார்சலோனாவில், காசநோயால் மூச்சுக்கிளை சிதைந்த ஒரு பெண்ணுக்கு, இறந்தவரின் மூச்சுக்குழலிலிருந்து செல்களை நீக்கி, அந்தப் பெண்ணுடைய செல்களை விதைத்துப் பொருத்தியதாகப் பாவ்லோ மக்கியாரினியும் அவருடைய கூட்டாளிகளும் அறிவித்தனர். 2011இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அவர் இன்னும் ஒரு படி தாவி, இறந்தவரின் குழலையும் விட்டுவிட்டு, நெகிழிக் குழல் ஒன்றை நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் ஓரிரு நாள் ஊறவைத்துப் பொருத்தினார். இங்கே செயல்முறையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மூச்சுக்குழலுக்கு இதயத்தைப் போலப் பிடித்துத் தைக்கத் தக்க தனிப் பெருங்குழாய் கிடையாது. பக்கத்து உறுப்புகளிலிருந்து மயிரிழை போன்ற குழாய்கள் பல இடங்களில் வந்து அதற்கு ஊட்டுகின்றன. உள்பக்கமோ வெளிக்காற்றோடும் கிருமிகளோடும் ஒவ்வொரு மூச்சிலும் உரசுவது. இரத்த ஓட்டமில்லாத நெகிழியின் மேல் ஒட்டிய செல்கள் எதை உண்டு வாழும், அங்கே படியும் கிருமியை எது விரட்டும், சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் எங்கிருந்து முளைக்கும் என்ற எளிய கேள்விகளுக்கு விடை இருக்கவில்லை. விலங்குகளில் போதிய சோதனையும் நடக்கவில்லை. கரோலின்ஸ்காவில் இந்தக் குழல் பொருத்தப்பட்ட மூன்று பேரும் இறந்தனர்.

அங்கே பணியாற்றிய நான்கு மருத்துவர்கள், ஆய்வுக் கட்டுரைகளில் எழுதப்பட்டிருப்பதும் நோயாளிகளின் கோப்பில் இருப்பதும் ஒன்றில்லை என்று கண்டு முறையிட்டனர். 2015இல் வெளியாரான ஒரு பேராசிரியர் ஆராய்ந்து ஆய்வு நேர்மை மீறப்பட்டிருக்கிறது என்று சொல்லியும், கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம் முதலில் தன் அறுவை மருத்துவரின் பக்கமே நின்றது. 2016இல் சுவீடன் தொலைக்காட்சியின் ஆவணப்படம் வெளிவந்த பிறகுதான் துணைவேந்தர் பதவி விலகினார். 2018இல் லான்செட் இதழ் நெகிழிக் குழல் கட்டுரையையும், 2023இல் பார்சலோனாக் கட்டுரையையும் திரும்பப் பெற்றது. 2023 ஜூனில் சுவீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது.

இதைத் தனிமனிதர் ஒருவரின் தீச்செயல் என்று ஒதுக்கிவிடுவது வசதியானது, ஆனால் நேர்மையானதாகாது. செல்லில் ஊறவைத்த குழல் உறுப்பாகிவிடும் என்று நம்ப அந்த மருத்துவமனையும் இதழ்களும் நன்கொடையாளரும் தயாராக இருந்ததற்குக் காரணம், உறுப்பு என்பது சாரமும் செல்லும் சேர்ந்தால் கிடைக்கும் பொருள் என்ற பட்டறைக் கணக்கு எல்லார் மனத்திலும் ஊறியிருந்ததே. வேறு வழியில்லாத நோயாளி எதற்கும் ஒப்புக்கொள்வார். அந்த ஒப்புதலைக் காட்டி முன்சோதனையைத் தவிர்க்கலாம் என்ற நிலை வந்தால், இன்னும் முதிராத எந்த மருத்துவமும் கைவிடப்பட்டவர்களின் உடலிலேயே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான பொறுமையை ஜப்பானில் காணலாம். முதிர்ந்த செல்லை மீண்டும் கருநிலைக்குத் திருப்பலாம் என்று 2006இல் ஷின்யா யமனாகா கண்டறிந்தார்; அப்படித் திரும்பிய ஐ.பி.எஸ். செல்லிலிருந்து விழித்திரைப் படலம் ஒன்றை வளர்த்து 2014இல் கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு மூதாட்டி ஒருவரின் கண்ணில் பொருத்தியது. இரண்டாம் நோயாளிக்காக வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும், அவை தீங்கு செய்யும் என்று உறுதியாகத் தெரியாதபோதே, அறுவையை நிறுத்திவிட்டார்கள். அதே சமயம், ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்லையே வளர்ப்பது எவ்வளவு செலவையும் நாளையும் விழுங்கும் என்பதும் அப்போது தெரியவந்து, முன்கூட்டியே வளர்த்துச் சேமித்த பொதுச் செல்களை நோக்கி ஆய்வு திரும்பியது. பொதுச் செல் என்றால் உடல் அதைத் தள்ளும். தள்ளினால் பழைய மாத்திரைகளே துணை. 2025இல் வெளியான சோதனையில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையத் தீவுச் செல்களை முழு அளவில் பெற்ற முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமலே இருந்தனர். இது மெய்யான, பெரிய வெற்றி. ஆனால் அந்தச் செல்கள் முடிந்த கணையம் அல்ல, கல்லீரலின் குழாய்களில் போய் வேர்பிடிக்கும் சிறு கொத்துகள். எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மருந்தும் தொடரத்தான் செய்கிறது. இத்துறை முதலில் வாக்களித்த இரண்டில் ஒன்றுதான் அங்கே நிறைவேறியிருக்கிறது.

2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்த செயற்கை இரத்தக் குழாயும் இதே பாடத்தை வேறு வழியில் சொல்கிறது. கொடையாளரின் செல்களைக் கொண்டு குழாயை வளர்த்தபின் அந்தச் செல்களைக் கழுவி நீக்கிவிடுகிறார்கள். வெறும் புரதக் குழாயை வைத்ததும் நோயாளியின் செல்கள் மெல்ல வந்து அதில் குடியேறுகின்றன. யாருக்கும் பொருந்தும், எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். போரிலும் விபத்திலும் கை கால் சிதைந்தவர்க்கு இது உடனடிப் பயன்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி தொலைதூரச் செய்தி இல்லை. 1980களில் வறுமையால் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகியதால் சென்னை வில்லிவாக்கம் கிட்னிவாக்கம் என்று அழைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. உறுப்பு வணிகத்தைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைப் பெறும் திட்டம் 2008இல் இங்கே தொடங்கியது. கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வகச் சிறுநீரகம் வந்தால் வறியவரின் உடல் சந்தைக்கு வராது என்பது இத்துறையின் மிக உயர்ந்த அறவாதம். ஆனால் ஒரு பெண் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு இந்தப் பத்தாண்டில் கிடைக்கக்கூடியது இறந்தவர் ஒருவரின் குடும்பம் மனமுவந்து தரும் சிறுநீரகமே. வரப்போகும் உறுப்பைக் காட்டி இருக்கும் கொடைத் திட்டத்தில் அக்கறை தளர்ந்தால் இழப்பு அவருக்குத்தான். இதே நம்பிக்கையை விற்றுப் பிழைக்கும் ஸ்டெம் செல் சிகிச்சைக் கடைகளும் நம் நகரங்களில் உண்டு. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர வேறெதையும் முறையான சோதனைக்கு வெளியே செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இன் வழிகாட்டுதலில் வரையறுத்திருக்கிறது.

செலவு என்ற கேள்விக்கு ஒரு விடை ஐதராபாத்தில் பிறந்தது. கருவிழியும் வெள்ளைவிழியும் கூடும் ஓரத்தில் உள்ள ஸ்டெம் செல்கள், சுண்ணாம்போ அமிலமோ தெறித்து வெந்துபோனால், கருவிழியின் மேற்படலம் புதுப்பிக்கப்படாமல் வெண்பூ படர்ந்து பார்வை போகும். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துணுக்கெடுத்து ஆய்வகத்தில் படலமாக வளர்த்துப் பொருத்தும் முறையை இத்தாலியர் 1997இல் காட்டினார்கள். ஐரோப்பா 2015இல் ஒப்புதல் அளித்த அந்தச் சிகிச்சை மிகவும் விலை உயர்ந்தது. ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் பல ஆண்டுகள் அவ்வாறே ஆய்வகத்தில் வளர்த்துப் பத்தில் ஏழு பேருக்குப் பலன் கண்டது. பின்னர் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட எளிய முறையில் ஆய்வகமே வேண்டியிருக்கவில்லை. நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு எடுக்கப்படுகிறது. அது மேசையிலேயே எட்டுப் பத்துத் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பழுதான கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வு விரிக்கப்பட்டு, அதன்மேல் அந்தத் துண்டுகள் கண்மணியின் நடுவை விட்டுவிட்டு வட்டமாக, நாற்று நடுவதைப் போல இடைவெளி விட்டு, உறையும் புரதப் பசையால் ஒட்டப்படுகின்றன. சில வாரங்களில் ஒவ்வொரு துண்டும் தன்னைச் சுற்றிப் படர்ந்து பக்கத்துத் துண்டைத் தொட்டுவிடுகிறது. பின்னாளில் 125 கண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நான்கில் மூன்றில் அந்தப் படலம் தெளிவாக நிலைத்திருந்தது.